மூச்சு விடும் வீடுகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டிப் பார்க்கச் சொன்னார்களே தவிர, கட்டிய வீட்டுக்குள் சித்திரை மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்க்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பழமொழியில் இன்னும் கொஞ்சம் காரம் சேர்ந்திருக்கும்.

பட்டணத்தில் மேல் மாடியில் குடியிருக்கும் சகோதரிகளுக்கு அந்த இரண்டு மணியைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. மொட்டை மாடிக் கான்கிரீட் காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உத்தம குணம் அதற்குக் கிடையாது. சாயங்காலம் தொடங்கி ராத்திரி பத்து மணி வரையில் அத்தனையையும் நம் தலையில் கொட்டித் தீர்க்கிறது. மேற்குச் சுவரும் அப்படித்தான். அநேக வீடுகளில் அந்த மேற்குச் சுவர் ஓரமாகத்தான் அடுப்பைக் கொண்டு போய் வைத்திருப்பார்கள்! மின்சார விசிறியைப் போட்டால், அறைக்குள் இருக்கும் அனல் காற்றையே அது நமக்குப் பரிமாறுகிறது. கடைசியில் கடன் வாங்கியாவது ஒரு ஏ.சி. பெட்டியை மாட்டுகிறோம். அது நம் அறையில் உள்ள உஷ்ணத்தை எடுத்துப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கமாக ஊதி விடுகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் சும்மா இருப்பாளா? அவளும் ஒன்று வாங்கி மாட்டுகிறாள்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். சிமெண்டு, கம்பி, கண்ணாடி என்று பணம் கொடுத்து வெயிலை வீட்டுக்குள் குடி வைக்கிறோம். அப்புறம் அதைக் காலி செய்ய வைப்பதற்கு ஆயுள் முழுவதும் மின்சார பில் கட்டுகிறோம்.

இதற்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கிறீர்களா? அடுத்த விடுமுறைக்குத் திருவனந்தபுரம் போய் வாருங்கள். அனந்தபத்மநாப சுவாமியைத் தரிசிக்கலாம். கோவளத்தில் குழந்தைகள் கடலில் கால் நனைக்கலாம். ஆனால் நான் உங்களை அழைப்பது முக்கியமாகச் செங்கல் பார்ப்பதற்கு. ஆமாம், சாதாரணச் செங்கல்தான்! கூடவே மாமியாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். வீடு விஷயத்தில் அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தால்தான் நமக்கு விஷயம் புரிந்ததாக அர்த்தம்.

வழியில் ஓர் அரண்மனை

நாகர்கோவில் வரையில் ரயிலில் வந்து, அங்கிருந்து சாலை வழியாகப் போவது நல்லது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரையில் திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கு இதுதான் தலைநகரம். 1956ல் கன்யாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அரண்மனையை இன்றும் கேரள அரசாங்கம்தான் பராமரித்து வருகிறது. திங்கட்கிழமையில் மட்டும் போய் ஏமாறாதீர்கள். அன்று கதவு திறப்பதில்லை.

அரண்மனை என்றதும் மைசூரையும் தஞ்சாவூரையும் நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எல்லாம் மரமும் ஓடும்தான். தலைக்கு மேல் செங்குத்தாகச் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. அந்தக் கூரையின் இறவாரம் சுவரையும் தாண்டி வெகு தூரம் நீண்டு, சுவரின் மேல் வெயில் விழாதபடி குடை பிடிக்கிறது. மாடியில் பல இடங்களில் சுவருக்குப் பதிலாக மரச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவன் உள்ளே பார்க்க முடியாது. மழை உள்ளே வராது. காற்று மட்டும் தாராளமாக வரும். முட்டை வெள்ளைக் கருவும், கொட்டாங்கச்சிக் கரியும், சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த கறுப்புத் தரையில் வெறுங் காலை வைத்தால் உச்சந்தலை வரையில் குளிர்ச்சி ஏறுகிறது.

மின்சாரம் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில், வேர்வையும் மழையும் மிகுந்த ஊரில், ஒரு ராஜ குடும்பம் இப்படித்தான் சௌக்கியமாக இருந்திருக்கிறது. சுவருக்கு நிழல் வேண்டும். அறைக்குள் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போக வேண்டும். மேலே ஏறும் உஷ்ணத்துக்கு ஒரு வாசல் வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

"ராஜா வீட்டுச் சமாசாரம் நமக்கு எதற்கடி? இத்தனை மரத்துக்கு நாம் எங்கே போவது?" என்பார் மாமியார். நியாயமான கேள்வி. பதில் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

ஏறிக்கொண்டே போகும் காப்பி ஓட்டல்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்ற பேட்டையில்தான் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. பஸ்ஸை விட்டு இறங்கிச் சற்று அண்ணாந்து பார்த்தால், சிவப்பு நிறத்தில் பம்பரத்தைத் தலைகீழாக நிறுத்தி வைத்தது போல ஒரு வட்டக் கட்டடம் தெரியும். அதுதான் இந்தியன் காப்பி ஹவுஸ். தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம் நடத்துகிற ஓட்டல். விசிறி மடிப்புத் தலைப்பாகையுடன் சிப்பந்திகள் வருவார்கள். மசால் தோசைக்குள் உருளைக்கிழங்கோடு பீட்ரூட்டும் சேர்ந்து சிவந்திருக்கும். சாப்பிட்டுக்கொண்டே கட்டடத்தைக் கவனியுங்கள்.

இந்த ஓட்டலில் மாடிப்படி என்று தனியாகக் கிடையாது. தரையே மெள்ள மெள்ள ஏறி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. வெளிச் சுவர் ஓரமாகச் செங்கல்லிலும் காரையிலுமே கட்டிய மேஜைகள், பெஞ்சுகள். ஒவ்வொரு மேஜைக்கும் பக்கத்தில் சுவரில் வரிசை வரிசையாகத் துவாரங்கள். அவற்றின் வழியாகக் காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, ஆனால் கண்ணைக் கூச வைக்கும் வெயில் வருவதில்லை. உஷ்ணக் காற்றுக்குக் கனம் குறைவு. அது மேலே ஏறி உயரத்துத் துவாரங்கள் வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்த் துவாரங்கள் வழியாகப் புதுக் காற்று நுழைகிறது. நம் வீட்டுப் புகைபோக்கி எந்த முறையில் வேலை செய்கிறதோ, அதே முறைதான்.

"எல்லாம் சரி, சுவருக்குப் பூச்சுப் பூசவே இல்லையே! பாதியில் பணம் தீர்ந்து போய்விட்டதா?" என்று மாமியார் கேட்பார்.

பணம் தீரவில்லை. வேண்டுமென்றேதான் பூசாமல் விட்டார் அந்த மனிதர்.

யார் அந்த மனிதர்?

அவர் பெயர் லாரி பேக்கர். 1917ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் பிறந்தவர். கட்டடக் கலை படித்தவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது துப்பாக்கி தூக்காமல், சீனாவில் நோயாளிகளுக்குப் பணி செய்யும் கூட்டத்தோடு போனார். அங்கிருந்து ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அப்போதுதான் காந்திஜியைச் சந்தித்தார். பழைய துணியை வைத்துத் தாமே தைத்துக்கொண்ட செருப்பைப் பேக்கர் போட்டிருந்தார். அது மகாத்மாவின் கண்ணில் பட்டுவிட்டது! செருப்பில் ஆரம்பித்த பேச்சு வீட்டுக்குப் போயிற்று. ஒரு நல்ல கிராமத்தில் கட்டும் நல்ல வீட்டுக்கு வேண்டிய சாமான்களெல்லாம் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பது காந்திஜியின் அபிப்பிராயம். அன்று கேட்ட அந்த ஒரு வார்த்தையைத் தம் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை பேக்கர்.

1945ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். குஷ்டரோகிகளுக்கான ஆஸ்பத்திரிகளைக் கட்டிக் கொடுப்பது வேலை. எலிஸபெத் என்ற மலையாள டாக்டரை 1948ல் மணந்துகொண்டார். தம்பதிகள் இருவரும் இமயமலைச் சாரலில் பித்தோராகர் என்ற ஊருக்குப் போய் வெகு காலம் வாழ்ந்தார்கள். அந்த அம்மாள் வைத்தியம் பார்த்தார். இவர் கட்டடம் கட்டினார். படித்த படிப்பு அங்கே அவ்வளவாக உதவவில்லையாம். கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு மலை ஜனங்கள் கட்டிய வீடுகள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். குளிரும் காற்றும் பூமியின் சரிவும் தெரிந்து, தலைமுறை தலைமுறையாகத் திருத்தித் திருத்திக் கட்டிய வீடுகள் அவை.

1963ல் கேரளத்துக்கு வந்தார்கள். முதலில் வாகமண் மலை, பிறகு திருவனந்தபுரம். அந்த ஊரில் பேக்கர் கட்டிய கட்டடங்கள் ஏராளம். 1990ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இந்தியப் பிரஜையாகவே ஆகி, 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 1ந் தேதி, தொண்ணூறாவது வயதில், அந்த ஊரிலேயே கண் மூடினார்.

நாலாஞ்சிறாவில் ஒரு செங்குத்தான பாறைச் சரிவில் தமக்கென்று அவர் கட்டிக்கொண்ட வீட்டுக்கு 'ஹாம்லெட்' என்று பெயர். நம்மவர்களானால் அந்த இடத்தை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். அவர் பாறையை உடைக்கவில்லை, மரத்தை வெட்டவில்லை. பாறை எங்கே இடம் கொடுத்ததோ அங்கே அறை. இடித்த பழைய வீடுகளின் கதவுகளையும் மர வேலைப்பாடுகளையும் வாங்கி வந்து பொருத்தினார். காலிக் கண்ணாடிப் பாட்டில்களைச் சுவரில் பதித்தார். பச்சையும் பழுப்புமாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. நாம் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடும் சாமான் அவர் வீட்டில் அலங்காரம்!

வீடு கட்டித் தரச் சொல்லி யாராவது போனால், அவர் முதலில் கேட்பது தெருப் பக்கத்து அலங்காரத்தைப் பற்றியல்ல. வீட்டில் எத்தனை பேர், காலையில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், சமையல் எப்படி நடக்கிறது, குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள், முதியவர்கள் எங்கே உட்கார விரும்புகிறார்கள் என்ற விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் படம் போடுவார். பிறகு கொத்தனாரோடு கூட நின்று கட்டுவார்.

சகோதரிகளே, இந்த ஒரு விஷயத்துக்காகவே அவரை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வீட்டுப் படம் தயாராகும்போது, அதிக நேரம் வீட்டில் இருக்கப் போகிறவரை யாராவது கலந்து ஆலோசிக்கிறார்களா? தெருவில் போகிறவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்து மெச்சிக்கொள்வதற்காக முகப்புக்கு ஆயிரம் யோசனை நடக்கிறது. உள்ளே நாள் முழுவதும் வேலை செய்பவளுடைய முதுகில் வெயில் அடிக்குமா என்று ஒரு யோசனை நடப்பதில்லை.

சல்லடைச் சுவர்

காப்பி குடித்தாயிற்றா? இனி உள்ளூருக்குப் போவோம். உள்ளூர் என்பது ஊரின் பெயரேதான். அங்கே 'வளர்ச்சி ஆய்வு மையம்' இருக்கிறது. பொருளாதார நிபுணர் கே. என். ராஜும், அப்போது முதல் மந்திரியாக இருந்த அச்சுத மேனனும் ஆரம்பித்த ஸ்தாபனம். 1970களின் தொடக்கத்தில், சுமார் 10 ஏக்கர் மேட்டு நிலத்தில் அதைக் கட்டிக் கொடுத்தவர் பேக்கர். மாணவர்கள் படிக்கிற இடமாதலால் வாசலில் அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து நடைபாதை போகிறது. இருந்த மரங்களை வெட்டாமல், மேட்டைச் சமப்படுத்தாமல், பூமி எப்படிச் சரிந்ததோ அப்படியே கட்டடங்களும் ஏறி இறங்குகின்றன. நூல் நிலையம் மட்டும் கோபுரம் போல உயர்ந்து நிற்கிறது.

அங்கே நீங்கள் கைவைத்துப் பார்க்க வேண்டியது சுவரை. செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டு, கோலப் புள்ளிகளைப் போல வரிசையாகத் துவாரங்கள் வைத்துக் கட்டியிருக்கிறார். வடக்கே இதற்கு 'ஜாலி' என்று பெயர்; விளையாட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் சல்லடைச் சுவர் என்று சொல்லிக்கொள்ளலாம். நமக்கு இது புதிதும் அல்ல. ஜன்னல் என்ற போர்த்துக்கீசிய வார்த்தை வருவதற்கு முன்னால் நம்மிடம் 'பலகணி' என்ற வார்த்தை இருந்ததே! பல கண் உடையது பலகணி.

ஜன்னல் என்றால் நிலை வேண்டும், கதவு வேண்டும், கண்ணாடி வேண்டும், திருடனுக்குப் பயந்து கம்பி வேண்டும், வெயிலுக்குப் பயந்து திரை வேண்டும். அதே அகலத்துக்குச் சுவர் கட்டுவதைவிடப் பல மடங்கு செலவு. சல்லடைச் சுவரோ செங்கல்லிலேயே முடிந்துவிடுகிறது. காற்றுக்குக் கதவு, திருடனுக்குச் சுவர்! உளுந்து வடைக்கு நடுவில் துளை போடுவதால் வடைக்கு நஷ்டமா? உள்ளும் புறமும் சீராக வேகிறது. இந்தச் சுவரில் இருக்கும் துளைகளும் அப்படித்தான். சுவரின் வேலையையே அவை அதிகப்படுத்துகின்றன.

நம் கடற்கரைப் பட்டணங்களில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி என்பதை மறக்கக் கூடாது. வேர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். அது காய்வதற்கு ஓடுகிற காற்று வேண்டும். சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. அதற்கு வாசல் வைத்து, அது வெளியேற எதிர்ப் பக்கத்திலும் வழி வைத்து, மேற்கு வெயிலுக்கு மட்டும் முதுகைக் காட்டினால் பாதி காரியம் முடிந்தது.

எலிப்பொறியும் ஓட்டுத் துண்டும்

துளை இல்லாத சுவர்களிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவார்கள். பேக்கர் அதை விளிம்பின் மேல் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். அப்போது சுவருக்கு உள்ளே சின்னச் சின்ன வெற்றிடங்கள் உண்டாகின்றன. இந்த முறைக்கு 'எலிப்பொறிக் கட்டு' என்று பெயர். எலி அகப்படுகிறதோ இல்லையோ, காற்று அகப்பட்டுக்கொள்கிறது! வெந்நீர் பிளாஸ்க்கில் இரண்டு சுவர் வைத்து நடுவே வெற்றிடம் விடுகிறார்கள் அல்லவா? ஏறக்குறைய அதே தத்துவம். வெளிச் சுவரின் சூடு உள்ளே வர நேரமாகிறது. அதோடு செங்கல்லில் சுமார் நாலில் ஒரு பங்கு மிச்சம்.

தலைக்கு மேலே பாருங்கள். கூரையின் அடிப்பக்கத்தில் மங்களூர் ஓடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். அழகுக்கு என்று நினைப்போம். கான்கிரீட் தளத்தில் மேல் பாதிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப் பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி. கம்பிக்கு நடுவில் இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சோம்பேறி இடத்தில் விலை போகாத பழைய ஓடுகளை வைத்து அடைத்துவிட்டார் பேக்கர். சிமெண்டும் குறைந்தது, கனமும் குறைந்தது, ஓடுகளுக்கு இடையே அகப்பட்ட காற்றினால் உஷ்ணமும் குறைந்தது. சிமெண்டு தயாரிக்கச் சுண்ணாம்புக் கல்லைப் பெரிய சூளைகளில் கடும் சூட்டில் சுட வேண்டும். ஆகையால் ஒவ்வொரு மூட்டை சிமெண்டு மிச்சமாகும்போதும் எங்கேயோ நிலக்கரியும் மிச்சமாகிறது. ஆகாயத்துக்குப் போகும் புகையும் குறைகிறது.

வாசல்களுக்கும் ஜன்னல்களுக்கும் மேலே கான்கிரீட் உத்தரத்துக்குப் பதில் செங்கல் வளைவு. சில இடங்களில், மேலும் கீழும் இரண்டு குழி. நடுவே திரும்பும் ஒரே பலகை – அதுவே ஜன்னல்! உள்அறைக் கதவுகளுக்கு நிலையே வேண்டாம் என்பதும் அவர் கட்சி.

இந்த இடத்தில் மாமியார் குறுக்கிடுவார். "நிலை வைத்துப் பூஜை போடாமல் ஒரு வீடா?" வாசல் நிலையை அவர் இஷ்டப்படி மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்திவிடலாம். உள்ளே இருக்கிற மற்ற நிலைகளுக்குப் பூஜை கிடையாதே. அவற்றை மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்லுங்கள். சமாதானமாகிவிடுவார்.

பூந்துறைக் காற்று

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கோ என்று ஒரு சந்தேகம் வரலாம். அதற்குப் பதில் ஊருக்குத் தெற்கே பூந்துறைக் கடற்கரையில் இருக்கிறது. 1970களில் அங்கே மீனவக் குடும்பங்களுக்காகச் சிறு சிறு செங்கல் வீடுகளைக் கட்டினார் பேக்கர். அரசாங்கக் குடியிருப்பு என்றால் தீப்பெட்டிகளை அடுக்கியது போல நேர் வரிசையில் இருக்கும். முதல் வரிசைக்காரனுக்கு மட்டும் கடற்காற்று, பின் வரிசைக்காரனுக்கு முன் வீட்டின் முதுகு. பேக்கர் வீடுகளைச் சற்று முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி வைத்தார். எந்த வீடும் இன்னொரு வீட்டுக் காற்றைத் திருடவில்லை. இடையே கிடைத்த திறந்தவெளியில் வலை காயப் போடலாம், பெண்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டே குழந்தைகள் விளையாடுவதையும் கவனிக்கலாம்.

பிற்காலத்தில் அங்கிருந்தவர்கள் தங்கள் தேவைக்குத் தக்கபடி வீடுகளை மாற்றியும் கூட்டியும் கட்டிக்கொண்டுவிட்டார்கள். அதனால் பழைய உருவத்தை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் யோசனை பழுதாகவில்லை. காசு இல்லாதவனுக்கும் காற்று உண்டு என்று ஒருவர் கணக்குப் போட்டுக் கட்டினார் அல்லவா? அதுதான் பார்க்க வேண்டியது.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

திரும்பும் ரயிலில் மாமியார் தம் ஆட்சேபங்களை விரல் விட்டு எண்ணத் தொடங்குவார். அவற்றில் உண்மையும் உண்டு, மறைக்கக் கூடாது.

சல்லடைச் சுவரில் தூசி சேரும். சிலந்தி கூடு கட்டும். வாஸ்தவம். பூந்துடைப்பத்துக்கு வாரம் ஒரு நாள் கூடுதல் வேலைதான். கொசு வரும், உட்புறத்தில் வலை அடிக்காமல் தீராது. பூச்சில்லாத சுவருக்கு நன்றாக வெந்த செங்கல் வேண்டும். இறவாரம் நன்றாக நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழை சுவரைப் பதம் பார்த்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும். தெரியாதவர், "இதெல்லாம் நிற்காது அம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். இந்தக் குறையைப் போக்கத்தான் பேக்கரும் நண்பர்களும் சேர்ந்து 1985ல் 'காஸ்ட்ஃபோர்ட்' என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். சிக்கனமாகக் கட்டும் முறைகளைப் படங்களோடு விளக்கிப் பேக்கர் சிறு கையேடுகளும் எழுதினார்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அதை எழுப்பியவர் பேக்கரேதான். செங்கல்லைச் சுடுவதற்கு விறகு எரிகிறதே! வயல் மண் போகிறதே! ஆகையால் சுடாத மண்ணிலேயே கட்டுவது எப்படி என்று தனியாக ஒரு கையேடு எழுதினார். மண் வீடா என்று முகம் சுளிக்க வேண்டாம். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் பார்வையாளர் மையத்தைப் போய்ப் பாருங்கள். மண்ணோடு சிறிதளவு சிமெண்டு சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் வைக்காமல் காய வைத்த கற்களால் கட்டியது. வளைவும் கவிகையுமாக எவ்வளவு கம்பீரமாக நிற்கிறது! 1992ல் எளியோருக்கான கட்டடக் கலை என்று ஹசன் ஃபத்தி பெயரில் வழங்கும் சர்வதேச விருது அதற்குக் கிடைத்தது. சென்னைவாசிகள் ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

கட்டிய வீட்டுக்கு என்ன செய்வது?

"நாங்கள் குடியிருப்பதோ அடுக்கு மாடி. சுவரில் ஓர் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும்!" என்கிறீர்களா? உங்களுக்கும் சில வழிகள் உண்டு.

மொட்டை மாடிக்கு வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மேல் மாடிக்காரர் மட்டும் செலவைச் சுமக்க வேண்டியதில்லை. கட்டடம் எல்லோருக்கும் பொதுதானே?

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயில் வந்ததுதான். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ, வெட்டிவேர்த் தட்டியோ, ஒரு கொடியோ இருந்தால் உள்ளே இருக்கும் பட்டுத் திரையைவிட அதிகம் உழைக்கும்.

காலை ஒன்பது மணிக்குள் மேற்குப் பக்கத்தையும் தெற்குப் பக்கத்தையும் நிழலாக்கிவிட்டு, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து சுவர்களின் சூட்டை வெளியேற்றுங்கள். மின்விசிறி வாங்கும்போது எத்தனை வாட் என்று கேளுங்கள். பழைய விசிறிகள் 75 வாட் எடுத்துக்கொண்ட வேலையை இப்போதைய சில விசிறிகள் சுமார் 30 வாட்டில் செய்கின்றன. ஏ.சி.யைத்தான் போட வேண்டுமென்றால், 24 டிகிரியில் வைத்துக்கொண்டு விசிறியையும் மெதுவாகச் சுற்ற விடுங்கள். 2020 முதல் நம் நாட்டில் விற்கும் அறை ஏ.சி.க்கள் அந்த 24லேயே தொடங்கும்படி விதி செய்திருக்கிறார்கள். அதை 18க்கு இறக்கிவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது நம் சாமர்த்தியம்!

இன்றைக்கு வீட்டில் இருப்பவர் நீங்களாக இருக்கலாம். உங்கள் மாமியாராக இருக்கலாம். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே உத்தியோகம் பார்க்கும் உங்கள் பெண்ணாக இருக்கலாம். யாராக இருந்தாலும் அந்த இரண்டு மணி வெயில் அவர் மீதுதான் விழுகிறது. ஆகையால் வீடு கட்டும் பேச்சு எழும்போது, தரைக்கு என்ன கல், முகப்புக்கு என்ன வர்ணம் என்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். மேற்குச் சுவருக்கு எது நிழல்? காற்று எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போகும்? கூரையின் சூடு எங்கே போகும்? எஞ்சினீயர் தலையைச் சொறிந்தால், படத்தை மறுபடியும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். காகிதத்தில் கோட்டை மாற்ற ஒரு ரப்பர் போதும். கட்டி முடித்த சுவரை மாற்றுவது அப்படியா?

இனிமேல் யாராவது கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தால், காலை முகூர்த்தத்துக்குப் போய் உப்புமா சாப்பிட்டுவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் தங்கியிருங்கள். பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பது அப்போது தெரிந்துவிடும்.